ஃப்ரீ_ஐஆர்க்யூ எதை விடுவிக்கிறது, எதை விடுவிப்பதில்லை

கேள்வி இது: "லினக்ஸ் கர்னலில் ஒரு பிசிஐ கார்டுக்கு டிரைவர் எழுதுகிறேன். ஃப்ரீ_ஐஆர்க்யூவுக்கு மேலே உள்ள விளக்கக் குறிப்பில், லைனை வேறு யாரும் பயன்படுத்தவில்லை என்றால் அது அணைக்கப்படும் என்று ஒரு வரி இருக்கிறது. அடுத்த வரியில், பகிர்ந்துகொள்ளும் லைன் என்றால் கூப்பிடுவதற்கு முன்பே கார்டில் இன்டரப்டை நிறுத்தியிருக்க வேண்டும் என்று இருக்கிறது. டிஸேபிள்_ஐஆர்க்யூவைக் கூப்பிட்டுவிட்டு ஃப்ரீ_ஐஆர்க்யூவைக் கூப்பிட்டால் அது நிறைவேறிவிடுமா?"

நிறைவேறாது. இந்த இடத்தில் டிஸேபிள்_ஐஆர்க்யூவைக் கூப்பிடவே வேண்டாம். உங்கள் கார்டின் சொந்த ரெஜிஸ்டரில் (கார்டைக் கட்டுப்படுத்தும் சிறு நினைவிடத்தில்) எழுதி, கார்டையே வாய் மூட வைக்க வேண்டும். குறிப்பு சொல்வது அதைத்தான். ஆனால் "இன்டரப்டை நிறுத்துவது" என்ற ஒரே சொற்றொடர் அங்கே இரண்டு வேறு வேறு இடங்களைக் குறிப்பதால், முதல்முறை படிக்கும் எவரும் தடுமாறத்தான் செய்வார்கள். நானும் தடுமாறியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். புதியவர்களுக்கு ஒரு வரி: இன்டரப்ட் என்பது சாதனம் ப்ராசசரைக் கூப்பிடும் சைகை, லைன் அந்தச் சைகை வரும் பாதை, ஐஆர்க்யூ அதன் எண், ஹேண்ட்லர் அது வந்ததும் ஓடும் டிரைவரின் ஃபங்ஷன்.

பெயரிலிருந்து தொடங்குவோம். ரெக்வெஸ்ட்_ஐஆர்க்யூ என்ற பெயரைப் பார்த்தால் ஒரு இன்டரப்ட் எண்ணையே நமக்கென்று வாங்கிக்கொள்வதுபோலத் தோன்றும். உண்மையில் நடப்பது வேறு. ஒவ்வொரு எண்ணுக்கும் கர்னலில் ஒரு விவரத் தொகுப்பு இருக்கிறது. அதில் ஒரு பட்டியல் தொங்குகிறது. பட்டியலின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு ஹேண்ட்லர், அதற்குரிய டெவ்_ஐடி (யாருடைய கண்ணி என்று காட்டும் பாயின்டர்), ஒரு பெயர். ரெக்வெஸ்ட்_ஐஆர்க்யூ அந்தப் பட்டியலில் ஒரு கண்ணியைச் சேர்க்கிறது. ஃப்ரீ_ஐஆர்க்யூ அந்தக் கண்ணியைக் கழற்றுகிறது. விடுவிக்கப்படுவது அந்தக் கண்ணி மட்டும்தான். கழற்றியபின் பட்டியல் காலியாகிவிட்டால், இன்டரப்ட் கன்ட்ரோலர் பக்கத்தில் லைன் மூடப்படும். காலியாகவில்லை என்றால் லைன் திறந்தே இருக்கும், ஏனென்றால் மற்றவர்களுக்கு அது வேண்டும். இரண்டு நிலையிலும் உங்கள் கார்டை யாரும் தொடுவதில்லை. கார்டின் எந்த ரெஜிஸ்டரில் எந்த பிட் இன்டரப்டை நிறுத்தும் என்பது கர்னலின் பொதுப் பகுதிக்குத் தெரியவே தெரியாது. உங்கள் டிரைவருக்கு மட்டும்தான் தெரியும்.

இதை ஒரு ஒண்டுக்குடித்தன வீட்டோடு ஒப்பிடலாம். நான்கு குடும்பத்துக்கும் சேர்த்து வாசலில் ஒரே காலிங் பெல். பெல் அடித்தால் நான்கு குடித்தனக்காரர்களும் வந்து எட்டிப் பார்க்க வேண்டும். தனக்கு வந்த ஆள் இல்லை என்றால் திரும்பிவிட வேண்டும். நீங்கள் வீட்டைக் காலி செய்கிறீர்கள், ஆனால் உங்களைத் தேடி வருகிறவரிடம் சொல்லவில்லை. அவர் பெல்லில் வைத்த விரலை எடுக்காமல் நிற்கிறார். மற்ற மூவரும் வந்து வந்து பார்த்துத் திரும்புகிறார்கள். கடைசியில் வீட்டுக்காரர் பொறுமை இழந்து பெல்லின் வயரையே பிடுங்கிவிடுகிறார். அதற்குப் பிறகு அந்த மூவருக்கும் யார் வந்தாலும் தெரியாது.

கர்னல் செய்வதும் அப்படியே இதுதான். பிசிஐ கார்டின் பழைய வகை இன்டரப்ட் லைன்கள் லெவல் வகையைச் சேர்ந்தவை. கார்டு லைனை இழுத்துப் பிடித்திருக்கும் வரை இன்டரப்ட் வந்துகொண்டே இருக்கும். ஒருமுறை தட்டிவிட்டுப் போகிற கதை இல்லை. உங்கள் ஹேண்ட்லர் பட்டியலில் இல்லாததால், இருக்கும் ஹேண்ட்லர்கள் ஒவ்வொன்றும் "என்னுடையது இல்லை" என்று ஐஆர்க்யூ_நன் மதிப்பைத் திருப்பித் தரும். கர்னல் இதை எண்ணிக்கொண்டே வருகிறது. 1,00,000 இன்டரப்ட்களில் 99,900க்கு மேல் யாரும் ஏற்காதவை என்றால், "நோபடி கேர்ட்" (யாரும் கண்டுகொள்ளவில்லை) என்ற செய்தியை எழுதிவிட்டு, லைனையே அணைத்துவிடும். லைனில் உள்ள மற்ற சாதனங்கள் ஒரு தவறும் செய்யாமல் தண்டனை அனுபவிக்கும்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு அளவீட்டுக் கார்டுக்கு நான் எழுதிய டிரைவர் அது. ஏற்றினால் நன்றாக வேலை செய்தது. ஆர்எம்மாட் (டிரைவர் மாட்யூலை இறக்கும் கட்டளை) கொடுத்து இறக்கினேன், பிழைச் செய்தி எதுவும் இல்லை. சில நொடிகளில் மவுஸ் விட்டு விட்டு நகர ஆரம்பித்தது. கீபோர்டில் தட்டிய எழுத்து தாமதமாகத் திரையில் வந்தது. யுஎஸ்பி கேபிள் தளர்ந்திருக்கிறது என்று நினைத்துப் பிடுங்கிச் செருகினேன், வேறு போர்ட்டில் மாற்றினேன், அரை நாள் அதிலேயே போனது. பிறகுதான் கர்னல் பதிவைத் திறந்து பார்த்தேன். "ஐஆர்க்யூ 16: நோபடி கேர்ட்" என்று ஒரு வரி. அதன் கீழே அந்த லைனில் மிச்சமிருந்த ஹேண்ட்லரின் பெயர்: யுஎஸ்பி கன்ட்ரோலருடையது. கடைசியில் "டிஸேப்ளிங் ஐஆர்க்யூ 16". என் டிரைவரின் பெயர் அந்தப் பதிவில் எங்குமே இல்லை. அதுதான் விடுவிக்கப்பட்டுப் போய்விட்டதே! பழி யுஎஸ்பி கன்ட்ரோலர் மேல் விழுந்திருந்தது.

மவுஸ் முற்றிலும் நின்றுபோகாமல் ஏன் விட்டு விட்டு நகர்ந்தது என்பதற்கும் காரணம் உண்டு. இப்படி அணைக்கப்பட்ட லைன்களைக் கர்னல் அடியோடு கைவிடுவதில்லை. நொடியின் பத்தில் ஒரு பங்குக்கு ஒருமுறை ஒரு டைமர் எழுந்து, அந்த லைனின் ஹேண்ட்லர்களைத் தானே கூப்பிட்டுப் பார்க்கும். சாதனம் உயிரோடு இருக்கும், ஆனால் இழுத்து இழுத்து. இந்த அறிகுறியைக் கண்டால் ஹார்டுவேரைச் சந்தேகிக்கும் முன் கர்னல் பதிவைப் பாருங்கள்.

இப்போது டிஸேபிள்_ஐஆர்க்யூ ஏன் கூடாது என்பது தெளிவாகியிருக்கும். அது மூடுவது கன்ட்ரோலர் பக்கத்தை, அதாவது முழு லைனை. பகிர்ந்துகொள்ளும் லைனில் அதைக் கூப்பிட்டால் அந்த நொடியே மற்றவர்களின் இன்டரப்டும் நின்றுவிடும். அது எண்ணிக்கை வைத்து இயங்குவது: எத்தனை முறை மூடினீர்களோ அத்தனை முறை திறக்க வேண்டும். மூடிவிட்டு ஃப்ரீ_ஐஆர்க்யூவைக் கூப்பிட்டுப் போய்விட்டால், பட்டியலில் இன்னொருவர் இருக்கும்போது அந்த எண்ணிக்கையைக் குறைக்க யாரும் வரமாட்டார்கள். நான் பட்ட பாட்டைவிட மோசமாகப் போகும், ஏனென்றால் இம்முறை பத்தில் ஒரு நொடி டைமர்கூட உதவிக்கு வராது. லைன் உங்களுக்கு மட்டுமே என்றால் அது வெறும் தேவையில்லாத வேலை, ஃப்ரீ_ஐஆர்க்யூவே மூடிவிடும்.

கார்டை வாய் மூட வைப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது, அதைக் குறிப்பு சொல்வதில்லை. ரெஜிஸ்டரில் எழுதிய மறுகணமே அது கார்டைச் சேர்ந்துவிடும் என்று எண்ணாதீர்கள். பிசிஐ பஸ்ஸில் மெமரி வழியாகச் செல்லும் எழுத்துகள் (ரைட்கள்) வழியில் உள்ள பிரிட்ஜ்களில் தங்கிப் போகலாம். ப்ராசசர் அதற்காகக் காத்திருப்பதில்லை. எழுதிய கையோடு அதே கார்டிலிருந்து ஏதாவது ஒரு ரெஜிஸ்டரைப் படியுங்கள். படிப்பின் பதில் வர வேண்டுமென்றால் முன்னால் போன எழுத்து போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். ஒரே ஒரு வரி. இதை விட்டுவிட்டால், நூறு முறை சரியாக இறங்கும் மாட்யூல் ஏதோ ஒரு நாள் காரணம் தெரியாமல் கவிழும்.

லைன் பகிரப்படாதது என்றாலும் கார்டை அடக்கிவிட்டே விடைபெறுங்கள். குறிப்பு பகிர்வு லைனை மட்டும் சொல்வதால் மற்றதற்குத் தேவையில்லை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். லைனை இழுத்துப் பிடித்தபடி விட்டுப்போன கார்டு, அடுத்த முறை மாட்யூலை ஏற்றி ரெக்வெஸ்ட்_ஐஆர்க்யூ முடியும் கணத்திலேயே இன்டரப்ட் கொடுக்கும். அப்போது உங்கள் டிரைவர் தன் பஃபர்களைத் தயார் செய்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கூடவே இன்னொன்று: இன்டரப்டை நிறுத்துவது வேறு, டிஎம்ஏவை (ப்ராசசர் இல்லாமல் கார்டே மெமரியைத் தொடுவதை) நிறுத்துவது வேறு. இன்டரப்ட் அடங்கிய கார்டு மெமரியில் சத்தமில்லாமல் எழுதிக்கொண்டே இருக்க முடியும்.

அடுத்து, "ஓடிக்கொண்டிருக்கும் இன்டரப்ட்கள் முடியும் வரை இந்த ஃபங்ஷன் திரும்பாது" என்ற வரி. இது மிக முக்கியமான வாக்குறுதி. ஃப்ரீ_ஐஆர்க்யூ திரும்பிவிட்டது என்றால் உங்கள் ஹேண்ட்லர் வேறு எந்த ப்ராசசரிலும் ஓடிக்கொண்டிருக்கவில்லை, இனி ஓடாது. ஹேண்ட்லர் தொடும் மெமரியைத் தைரியமாக விடுவிக்கலாம். த்ரெட் வகை ஹேண்ட்லர் (தனி கர்னல் த்ரெட்டில் ஓடுவது) என்றால் அந்த த்ரெட்டும் முடிந்திருக்கும். ஆனால் வாக்குறுதியின் எல்லை அதோடு முடிகிறது. உங்கள் ஹேண்ட்லர் கிளப்பிவிட்ட வொர்க்க்யூ வேலை, டாஸ்க்லெட், டைமர் (எல்லாமே பிறகு செய்யத் தள்ளிப்போட்ட வேலைகள்) எதற்கும் ஃப்ரீ_ஐஆர்க்யூ காத்திருக்காது. அவற்றை நீங்கள்தான் கேன்சல்_வொர்க்_சிங்க் போன்றவற்றால் முடித்துவைக்க வேண்டும், அதுவும் ஃப்ரீ_ஐஆர்க்யூவுக்குப் பிறகு. முன்னால் செய்தால், நீங்கள் வேலையை ரத்து செய்த மறுகணம் ஓர் இன்டரப்ட் வந்து அதே வேலையை மறுபடி வரிசையில் போட்டுவிடும்.

இங்கே ஒரு சிக்கலான முடிச்சு உண்டு. பல டிரைவர்களில் ஹேண்ட்லர் கார்டின் இன்டரப்டை அடைத்துவிட்டு வேலையை வரிசையில் போடும். அந்த வேலை முடியும்போது கார்டின் இன்டரப்டை மறுபடி திறந்துவிடும். இப்போது உங்கள் ரிமூவ் ஃபங்ஷன் (டிரைவர் கார்டைப் பிரியும்போது ஓடுவது) கார்டை அடைக்கிறது. அதே நேரம் இன்னொரு ப்ராசசரில் அந்த வேலை முடிந்து கார்டைத் திறக்கிறது. நீங்கள் அடைத்தது வீண். ஃப்ரீ_ஐஆர்க்யூ உங்கள் ஹேண்ட்லரைக் கழற்றுகிறது, கார்டு கத்திக்கொண்டிருக்கிறது, பழைய கதை. இதைத் தவிர்க்க, "மூடுகிறோம்" என்று ஒரு கொடியை (ஃப்ளாக் மாறியை) முதலில் ஏற்றுங்கள். வேலை, கார்டைத் திறக்கும் முன் அந்தக் கொடியைப் பார்க்க வேண்டும். பார்ப்பதும் திறப்பதும் ஒரே ஸ்பின்லாக்கின் (பிடித்திருக்கும்போது தூங்கக் கூடாத பூட்டின்) கீழ் நடக்க வேண்டும். ரிமூவ் ஃபங்ஷன் கொடியேற்றுவதும் அடைப்பதும் அதே லாக்கின் கீழ். லாக்கை விட்ட பிறகுதான் ஃப்ரீ_ஐஆர்க்யூ.

ஏன் விட்ட பிறகு? ஃப்ரீ_ஐஆர்க்யூ தூங்கக்கூடிய ஃபங்ஷன். உள்ளே ஒரு மியூடெக்ஸை (தூங்கிக் காத்திருக்கக்கூடிய பூட்டை) எடுக்கிறது, ஹேண்ட்லர் முடியக் காத்திருக்கிறது. ஸ்பின்லாக் பிடித்துக்கொண்டு அதைக் கூப்பிடக் கூடாது. மியூடெக்ஸ் பிடித்துக்கொண்டு கூப்பிடலாமா என்றால், உங்கள் த்ரெட் ஹேண்ட்லர் அதே மியூடெக்ஸுக்குக் காத்திருக்காத வரைதான். காத்திருந்தால் அது உங்களுக்காகவும் நீங்கள் அதற்காகவும் நின்றுகொண்டே இருப்பீர்கள். இன்டரப்ட் சூழலிலிருந்து கூப்பிடக் கூடாது என்று குறிப்பு சொல்வதும் இதே காரணத்தால்தான்: ஹேண்ட்லருக்குள்ளிருந்து கூப்பிட்டால், அந்த ஹேண்ட்லர் முடிவதற்காக அந்த ஹேண்ட்லரே காத்திருக்கும். குறிப்பில் தடை இருக்கிறது, காரணம் இல்லை. காரணம் தெரிந்தால் மியூடெக்ஸ் சிக்கலையும் நாமே ஊகித்துவிடலாம். அதனால்தான் காரணத்தையும் எழுத வேண்டும் என்கிறேன்.

டெவ்_ஐடி பற்றி ஒரு வார்த்தை. பட்டியலில் எந்தக் கண்ணியைக் கழற்றுவது என்று கர்னல் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான். ஹேண்ட்லரின் முகவரியைப் பார்ப்பதில்லை. ரெக்வெஸ்ட்_ஐஆர்க்யூவுக்குக் கொடுத்த அதே பாயின்டரைக் கொடுக்க வேண்டும். பகிர்வு லைனில் டெவ்_ஐடியை வெறுமையாக விட்டால் ரெக்வெஸ்ட்_ஐஆர்க்யூ பிழை காட்டி மறுத்துவிடுவதும் இதனால்தான். வேறு பாயின்டரைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் என்ன செய்தி வரும் தெரியுமா? "ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட ஐஆர்க்யூவை விடுவிக்க முயற்சி" என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை. இது வழிதவறவைக்கும் வாசகம். ஐஆர்க்யூ விடுவிக்கப்படவே இல்லை. நீங்கள் சொன்ன டெவ்_ஐடியோடு ஒரு கண்ணி கிடைக்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் ஹேண்ட்லர் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. "எப்படியோ விடுவிக்கப்பட்டுவிட்டது" என்று நினைத்து மாட்யூலை இறக்கினால், அடுத்த இன்டரப்டில் கர்னல் இல்லாத கோடுக்குள் குதிக்கும்.

இதே எச்சரிக்கை இன்னொரு வழியிலும் வரும், அப்போது வாசகம் சரியாகவே பொருந்தும். டெவ்எம்_ரெக்வெஸ்ட்_ஐஆர்க்யூவால் (பதிந்ததைத் தானே விடுவிக்கும் வகை) பதிவு செய்துவிட்டு, பழக்க தோஷத்தில் சாதாரண ஃப்ரீ_ஐஆர்க்யூவால் விடுவித்தால், டிரைவர் பிரியும்போது தானியங்கி ஏற்பாடு மறுபடி ஒருமுறை விடுவிக்கப் பார்க்கும். டெவ்எம் வகையில் பதிந்ததைக் கையால் விடுவிக்க வேண்டுமென்றால் டெவ்எம்_ஃப்ரீ_ஐஆர்க்யூ. ஆனால் டெவ்எம்மில் இதைவிட ஆபத்தானது வரிசை. தானியங்கி விடுவிப்பு நடப்பது உங்கள் ரிமூவ் ஃபங்ஷன் முடிந்து திரும்பிய பிறகு, பதிந்த வரிசைக்கு எதிர் வரிசையில். பஃபரைக் கையால் ஒதுக்கி ரிமூவில் கையால் விடுவித்து, இன்டரப்டை மட்டும் டெவ்எம்மிடம் ஒப்படைத்தால், பஃபர் போன பிறகும் கொஞ்ச நேரம் ஹேண்ட்லர் உயிரோடு இருக்கும். எல்லாவற்றையும் டெவ்எம்மில் வையுங்கள், அல்லது இன்டரப்டைக் கையால் நடத்துங்கள். பாதி பாதி வேண்டாம்.

இந்த வகைத் தவறைப் பிடிக்கக் கர்னலிலேயே ஒரு பொறி இருக்கிறது: டீபக்_எஸ்எச்ஐஆர்க்யூ என்ற கட்டமைப்புத் தேர்வு. அதை இயக்கி கர்னலைக் கட்டினால், பகிர்வு லைனில் ஃப்ரீ_ஐஆர்க்யூ உங்கள் கண்ணியைக் கழற்றி, ஓடுவது முடியக் காத்திருந்து, திரும்புவதற்கு முன் உங்கள் ஹேண்ட்லரைப் பொய்யாக ஒருமுறை கூப்பிடும். பஃபரை முன்னாலேயே விடுவித்திருந்தால் அங்கேயே அகப்பட்டுவிடுவீர்கள். டிரைவர் எழுதும் எவரும் தன் சோதனைக் கணினியில் இதை இயக்கியே வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

"டெவ்நேம் மதிப்பைத் திருப்பித் தரும்" என்ற கடைசி வரி பலருக்குப் புதிராக இருக்கிறது. ரெக்வெஸ்ட்_ஐஆர்க்யூ நீங்கள் கொடுத்த பெயரைப் பிரதி எடுப்பதில்லை, பாயின்டரை மட்டும் வைத்துக்கொள்கிறது. ப்ராக் இன்டரப்ட்ஸ் கோப்பை (ஒவ்வொரு இன்டரப்டின் எண்ணிக்கையையும் பெயரையும் காட்டுவது) திறக்கும்போதெல்லாம் அந்த மெமரியிலிருந்துதான் பெயர் படிக்கப்படுகிறது. எனவே ஸ்டாக்கில் உருவாக்கிய பெயரைக் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு க்யூவுக்கும் எண்ணோடு தனித்தனிப் பெயரை மெமரி ஒதுக்கி உருவாக்கும் டிரைவர், ஃப்ரீ_ஐஆர்க்யூ திரும்பிய பிறகுதான் அதை விடுவிக்க முடியும். அந்த வசதிக்காகத்தான் பாயின்டர் திரும்ப வருகிறது. பிசிஐ_ஃப்ரீ_ஐஆர்க்யூ அதை வாங்கி அங்கேயே விடுவித்துவிடுகிறது.

எம்எஸ்ஐ, எம்எஸ்ஐ-எக்ஸ் வகை இன்டரப்ட்கள் (லைனுக்குப் பதில் செய்தியாக வருபவை) பகிரப்படுவதில்லை என்பதால் முதலில் சொன்ன தொல்லை அங்கே இல்லை. அங்கே வரிசைதான் முக்கியம்: ஒவ்வொரு வெக்டாருக்கும் (கார்டுக்கு ஒதுக்கிய இன்டரப்டுக்கும்) ஃப்ரீ_ஐஆர்க்யூ முடிந்த பிறகுதான் பிசிஐ_ஃப்ரீ_ஐஆர்க்யூ_வெக்டார்ஸ். முதலாவது கண்ணியைக் கழற்றுகிறது, இரண்டாவது அந்த எண்களையே திருப்பிக் கொடுக்கிறது. உண்மையில் "ஐஆர்க்யூவை விடுவிப்பது" என்ற பெயர் இரண்டாவதுக்குத்தான் பொருந்தும். பிசிஐஎம்_எனேபிள்_டிவைஸ் கொண்டு கார்டை எழுப்பியிருந்தால் வெக்டார்கள் தாமாகவே திரும்பிவிடும், கையால் கொடுக்க வேண்டியதில்லை.

அந்தக் குறிப்பை நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்: "இந்த எண்ணின் ஹேண்ட்லர் பட்டியலிலிருந்து, டெவ்_ஐடி பொருந்தும் ஹேண்ட்லரைக் கழற்றும். அதுவே கடைசி ஹேண்ட்லர் என்றால் இன்டரப்ட் கன்ட்ரோலரில் லைனை மூடும். சாதனத்தைத் தொடாது, சாதனம் இன்டரப்ட் எழுப்புவதை அதன் சொந்த ரெஜிஸ்டர் வழியே டிரைவர் முன்கூட்டியே நிறுத்தியிருக்க வேண்டும், அந்த எழுத்து சாதனத்தைச் சேர்ந்ததைப் படித்து உறுதி செய்திருக்க வேண்டும். ஓடும் ஹேண்ட்லரும் அதன் த்ரெட்டும் முடியும் வரை காத்திருக்கும், ஆகவே தூங்கக்கூடும். ஹேண்ட்லருக்கு வேண்டிய எந்த லாக்கையும் பிடித்துக்கொண்டு கூப்பிடக் கூடாது. ஹேண்ட்லர் தொடங்கிவைத்த பிற வேலைகளுக்குக் காத்திருக்காது."

உங்கள் ரிமூவ் ஃபங்ஷனுக்கு வருகிறேன். முதலில் பயனர் பக்கத்தை மூடுங்கள், புதிய கோரிக்கை வரக் கூடாது. பிறகு லாக்கின் கீழ் கொடியேற்றி, கார்டின் இன்டரப்ட் ரெஜிஸ்டரை அடைத்து, ஒரு ரெஜிஸ்டரைப் படியுங்கள். டிஎம்ஏவை நிறுத்துங்கள். ஃப்ரீ_ஐஆர்க்யூ. அதன்பின் வொர்க்க்யூ வேலைகளை ரத்து செய்யுங்கள். அதன்பின் பஃபர்கள். கடைசியாக வெக்டார்கள், மெமரி மேப்பிங், கார்டை அணைப்பது. ப்ரோப் ஃபங்ஷன் (டிரைவர் கார்டோடு சேரும்போது ஓடுவது) பாதியில் தோற்கும் வழியிலும் இதே வரிசைதான், ரெக்வெஸ்ட்_ஐஆர்க்யூவே தோற்றிருந்தால் ஃப்ரீ_ஐஆர்க்யூவைத் தாண்டிப் போக வேண்டும் என்ற ஒரே வித்தியாசத்தோடு.

சோதிக்கும்போது உங்கள் கார்டை வேண்டுமென்றே யுஎஸ்பி கன்ட்ரோலரோடு லைன் பகிரும் ஸ்லாட்டில் செருகுங்கள். கார்டு இன்டரப்ட் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மாட்யூலை ஏற்றி ஏற்றி இறக்குங்கள். ப்ராக் இன்டரப்ட்ஸில் அந்த லைனின் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். மாட்யூல் இறங்கிய பின்னும் அது தறிகெட்டு ஏறினால் கார்டு இன்னும் கத்துகிறது என்று பொருள். என் அளவீட்டுக் கார்டில் நான் சேர்க்க வேண்டியிருந்தது இரண்டே வரிகள்: ஃப்ரீ_ஐஆர்க்யூவுக்கு முன்னால் ரெஜிஸ்டரில் ஓர் எழுத்து, அதன் கீழே ஒரு படிப்பு.